நிழல் இல்லாத சுவர்

வட்டவளையில் பல்பு விற்கிறவன் நான். பல்பு, வயர், சுவிட்ச், மழைக்காலத்தில் குடை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதும் குறிப்புகளை மட்டும் படித்தால், வெளிநாட்டில் ஒளியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

குழுவில் நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு படம் போட வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சோறு தின்னப் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது. "மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறது. கடுமையான ஒளி. தவிர்த்திருக்கலாம்" என்று எழுதினால்தான் மத்தியானச் சோறே இறங்கும். தனுஜா டீச்சர் மகளின் பிறந்தநாள் படத்தைப் போட்டபோது, "பிள்ளையின் கன்னத்தில் தேவையற்ற நிழல்" என்று எழுதினேன். அது நிழல் இல்லை, சொக்லட் கேக். டீச்சர் குழுவை விட்டே போய்விட்டார். கலை என்றால் கொஞ்சம் கறாராகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றிரவு என் மனைவி ரினோஸாவுக்கு விளக்கினேன்.

"கடைக்கு முன்னுக்கு உள்ள பல்பு ரெண்டு நாளா எரியல்ல. மொதல்ல அத பாருங்க," என்றாள்.

போன பெருமழைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வினோதா கடைக்கு வந்தாள். மேல் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. கொழுந்து எடுக்கிறவள், புருஷனும் சின்ன மகளும் அவளுமாக அந்த ஒற்றை அறையில் இருக்கிறார்கள். ஓரத்து மண்மேடு சரிந்து அவர்கள் பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பாதை உடைந்து கிடந்ததால் எல்லா வீடுகளுக்கும் உடனே போக முடியவில்லை என்று எங்கள் பகுதி அரசாங்க அலுவலரான கிராம சேவகர் சொல்லியிருந்தார். சேதத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மோசமானதை அவர் முதலில் வந்து பார்ப்பார். அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் பத்திரமான இடத்துக்கு மாற்றுவார்கள்.

"எங்க போன் கேமரா ஒடஞ்சு போச்சு நானா. நீங்கதான் பெரிய கேமரா வச்சிருக்கீங்களே. செவுரு வெடிச்சிருக்கு, அத மட்டும் எடுத்துக் குடுங்க. மழ பேஞ்சா புள்ளய மடியில வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டே கெடக்குறோம்," என்றாள். இங்கே முஸ்லிம் அண்ணன்களை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

என்னை ஒருவர் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேமரா, பிளாஷ், வெள்ளைக் குடை, ஸ்டாண்ட், மடித்த வெள்ளைப் போர்வை என்று கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. காலை வெயில் அதன் வழியாகச் சாய்ந்து வந்து பக்கச் சுவரை உரசிக்கொண்டு போனது. தரையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு. பெரிய அகலம் இல்லை, நகம் நுழையும். ஆனால் சுவரின் நடுப்பகுதி உள்பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

"இப்பவே எடுங்க நானா. இந்த வெயில்லதான் நல்லாத் தெரியும். மத்தியானம் ஆனா ஒண்ணும் தெரியாது," என்றாள் வினோதா.

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

"இது கடுமையான வெளிச்சம் தங்கச்சி. பாருங்க, எவ்வளவு நெழல்! இத நம்ம மென்மையாக்கணும்."

வாசலில் போர்வையைக் கட்டி வெயிலை மறித்தேன். வெள்ளைக் குடையைச் சுவருக்கு நேர் எதிரே வைத்து அதில் பிளாஷைத் தட்டினேன். சுண்ணாம்புச் சுவர் பால்போல் ஆனது. மூலையில் கிடந்த அலுமினியக் குடத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தேன், அழகுக்கு. வினோதா இரண்டு தடவை கேட்டாள்: "வெடிப்பு வெளங்குதா நானா?" வெளங்கும், வெளங்கும் என்றேன். வீட்டுக்கு வந்து போனில் போட்டு, மிச்சமிருந்த நிழல்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கினேன்.

படத்தைக் கிராம சேவகருக்கு அனுப்பினேன். கை சும்மா இருக்குமா? குழுவிலும் போட்டேன். முப்பத்தொரு இதயம் விழுந்தது. குழுவை நடத்துகிற துரைராசா மாஸ்டர், ஹட்டனில் கணக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் லேசில் புகழாதவர், போனே போட்டுவிட்டார்.

"அஸ்ஹர், ஒரு பொட்டு நிழல் இல்லைப் பாரும்! எப்பிடிச் செய்தனீர்? சுவர் அப்பிடியே மெத்தை மாதிரிக் கிடக்குது."

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. பல்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினேன். ஒருவர் இரண்டு பல்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கெஞ்சினார்.

திங்கட்கிழமை, கிராம சேவகர் முதலில் பார்க்கப்போகும் வீடுகளின் பட்டியல் வந்தது. மேல் தோட்டத்தில் பதினோரு குடும்பம். வினோதாவின் பெயர் இல்லை. கிராம சேவகருக்குப் போன் போட்டேன்.

"கெதர ஹொந்தய்னே, முதலாளி," என்றார். வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்கிறார். சுவரில் ஒரு கோடு தெரிகிறதே என்றேன். அது பல்புக்குப் போகும் வயர் இல்லையா என்று கேட்டார். மற்றவர்களின் படங்களைப் பார்த்துப் பயந்துபோனாராம். என் படத்தைப் பார்த்ததும்தான் மனதுக்கு நிம்மதியாக இருந்ததாம்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வினோதா கடை வாசலில் நிற்கிறாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் படத்தைக் காட்டச் சொன்னாள். போனை இரண்டு கையாலும் வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க நானா. இந்த வீட்ட எங்களுக்குக் குடுத்தா நாங்க பயமில்லாம தூங்குவோம்."

ஆறு வருஷமாக நாற்பது பேருக்குக் கருத்துச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கருத்தை நான் யாருக்கும் சொன்னதும் இல்லை, யாரிடமும் வாங்கியதும் இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. பின்னால் ரினோஸா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். மூட்டை முடிச்சு இல்லை, கேமரா மட்டும். போன நேரம் பார்த்து மலை முழுக்கப் பனிமூட்டம், வெயில் இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வினோதா உள்ளே போய் டோர்ச் லைட்டை எடுத்து வந்து, சுவரோடு சுவராகப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தாள். சுவரின் வயிறு தெரிந்தது. அதன் நடுவே கறுப்பாகப் பிளந்த வெடிப்பும் தெரிந்தது.

"கொஞ்சம் கீழ புடிக்கட்டா நானா?"

"நீங்க செல்ற மாதிரியே புடிங்க தங்கச்சி," என்றேன்.

வெடிப்புக்குள் ஒரு விரலை நுழைத்துக் காட்டச் சொன்னேன். நுழைந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் நகம்தான் நுழைந்தது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. எடுத்த படத்தைப் போனுக்கு மாற்றி, எதையும் தொடாமல் அங்கிருந்தே கிராம சேவகருக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை காலை கிராம சேவகர் வினோதாவையும் என்னையும் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முந்தின இரவு நல்ல மழை; எல்லார் காலிலும் சேறு. அவர் மேசையில் என் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத்தான் நேரம் எடுக்கும்.

"முதலாளி, ஒரே ஆள், ஒரே சுவர், ஏழு நாள். முதல்ல ஒண்ணும் இல்ல. இப்ப இவ்வளவு பெருசு. இது போன்ல கீறினதா? நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"ரெண்டாவதுதான் உண்மை சேர். மொதலாவதுலதான் நான் வேல காட்டிட்டேன்."

"அப்ப அத எழுதித் தாங்க."

எழுதினேன். எழுதியதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொன்னார். இருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று வாசித்தேன்:

"வட்டவளையில் மின்பொருள் கடை நடத்தும் அஸ்ஹர் ஆகிய நான் தெரிவிப்பது. முதலாவது படத்தில் வெடிப்பு தெரியாமல் போனதற்குச் சுவர் பொறுப்பல்ல, நானே பொறுப்பு. வீட்டுக்காரர் சரியான வெளிச்சத்தைக் காட்டியும் நான் கேட்கவில்லை. படம் அழகாக இருக்க வேண்டும் என்று நிழல்களை எல்லாம் அகற்றினேன். வெடிப்பையும் அதோடு அகற்றிவிட்டேன். எனக்கு வெளிச்சம் வைக்கத் தெரியாது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

"வெடிப்பு இப்போது ஒரு விரல் நுழையும் அளவில் உள்ளது."

"ரெண்டுனு மாத்துங்க நானா," என்றாள் வினோதா. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். "ராத்திரி மழைக்கு அப்புறம் காலையில விட்டுப் பாத்தேன். ரெண்டு வெரல் போகுது."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் ஒன்றை வெட்டி இரண்டு என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது கிராம சேவகர் நாற்காலியில் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த ரப்பர் பூட்ஸை அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ள எங்க இப்ப?" என்று வினோதாவிடம் கேட்டார்.

"காம்பராவுலதான் சேர். காய்ச்சல். தூங்குது."

எங்கள் மூன்று பேரில் முதலில் ஓடத் தொடங்கியது அவர்தான்.