பள்ளம் பார்க்காமல் நிறுத்திய கார்

காரை நிறுத்தும்போது பங்காரு நிழல் பார்க்க மாட்டான், பள்ளம் பார்ப்பான். திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வண்டி தானாக உருளும்படி ஒரு சரிவு உண்டு. நந்தியாற்றுக்கு இறங்குகிற பாதையில் இன்னொன்று. இந்த இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் அவன் எஞ்சினை அணைப்பதில்லை. சரிவில் மாட்டு வண்டி ஏதாவது முந்திக்கொண்டு நின்றுவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ரேஷன் கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பெட்ரோல் புகையாகப் போகும். வேறு வழியில்லை. எஞ்சினைக் கிளப்பிவிடுகிற செல்ப் எடுக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தொடங்கிய தொல்லை அது. காலால் பொத்தானை மிதித்தால் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, எஞ்சினை மட்டும் செல்ப் அசைக்கவில்லை. முன்னால் செருகிச் சுற்றுகிற ஹேண்டிலுக்குப் பல் தேய்ந்து போயிருந்தது. சுற்றினால் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் அடிக்கும்.

ஆகவே காலையில் தள்ளித்தான் எடுக்க வேண்டும். கார் ஆதிகேசவனுடையது. பொதட்டூர்பேட்டைச் சாலையில், ஊருக்கு ஒரு மைல் வெளியே அவர் வீடு. வீட்டுக்கு இந்தப் பக்கம் சாலையின் இரு மருங்கிலும் அவர் நிலம். அவர் வீட்டு வாசலோ பாய் விரித்தாற்போல் சமதரை. களையெடுக்கப் போகிற பெண்களைக் காரியஸ்தர் சிவப்பிரகாசம் வழியில் மறித்து நிறுத்துவார். எட்டுப் பேர் பின்னால் கை வைத்துத் தள்ளுவார்கள். பின் ஸீட்டில் ஆதிகேசவன் வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருப்பார். இறங்க மாட்டார். அவர் கனமும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

தள்ளுகிற எட்டுப் பேரும் பங்காருவின் தெருக்காரர்கள். அதில் ஒருத்தி மணியம்மை, அவன் பெண்டாட்டி.

அந்தத் தெருவில் ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள் பங்காரு. யுத்தத்தில் அஸ்ஸாம் பக்கம் மூன்று வருஷம் மிலிட்டரி லாரி ஓட்டி, இந்த நாற்பத்தாறு சித்திரையில்தான் லைசென்ஸோடு ஊர் திரும்பினான். பழைய டிரைவர் பட்டணத்துக்கு பஸ் ஓட்டப் போய்விட்டதால், வேறு ஆள் அகப்படாமல் ஆதிகேசவன் இவனை வைத்துக்கொண்டார். தெருவே வந்து பார்த்தது. இப்போது அதே தெரு சேற்றுக் காலோடு பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் மாட்டிய சின்னக் கண்ணாடியில் மணியம்மையின் தலை குனிந்திருப்பது தெரியும். அவன் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுவான்.

"இன்னா பாவா, உனுக்கு காரு ஓட்டத் தெரியுமா, நாங்க ஓட்டறத பாக்கத்தான் தெரியுமா?" என்பாள் பூவம்மாள். மணியம்மையின் தங்கை; வாய்க்கு வரம்பு கிடையாது.

"வாய மூடிகினு தள்ளுடி" என்பாள் மணியம்மை. புருஷனைப் பார்க்க மாட்டாள்.

அரக்கோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தான். பேட்டரியைக் கொண்டுபோய் நிறைய சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தான். அப்படியும் 'டக்'. "செல்ப் உள்ளே எரிஞ்சு போச்சு, பட்டணத்துக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை புத்தூரிலிருந்து ரயிலில் ஆதிகேசவனின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வியாழன் மத்தியானம் ஆதிகேசவன் ஷெட் வாசலில் நின்று சொன்னார்: "டேய் பங்காரு, சம்பந்தி ஊட்டுக்காரங்க ஏறி உக்காந்தப்புறம், களையெடுக்கற பொம்பளைங்க தள்ளினா என் மூஞ்ச எங்க வச்சிக்கறது? சித்தூர்ல ஒரு டிரைவரு இருக்கான். காரோட வர்றான், நாளைக்கு. அவனையே வச்சிக்கறேன். நீ பொழுதுக்குள்ள எதுனா செஞ்சா செய்யி. இல்லாங்காட்டி சாவிய காரியஸ்தர் கையில குடுத்துட்டு, ஏர் ஓட்டப் போ."

"ஆவட்டும் ஆண்ட."

அவர் போனதும் பங்காரு மட்கார்டில் கை வைத்து நின்றான். ஏர் ஓட்டுவது கேவலமில்லை. அவன் அப்பன் ஓட்டினான். ஆனால் ஸ்டீரிங்கிலிருந்து இறக்கி ஏரில் பூட்டுவது வேறு. ஊர் அதைப் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்கும்.

மணியம்மைக்குச் சொல்லி அனுப்பினான். வயலிலிருந்து இடுப்பில் அரிவாளோடு வந்தாள்.

"இன்னாத்துக்கு கூப்ட்டே? தனியா தள்ளறதுக்கா?"

"தள்ள வேணாம். வெளியவே நின்னுகினு, கைய உள்ள உட்டு அந்த பொத்தான அமுக்கு. நான் சொன்னா உடு."

அடிப் பலகையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். மிலிட்டரியில், சேற்றில் நின்றுபோன லாரிகளுக்குக் கீழே இப்படிப் படுத்துக் கிடந்திருக்கிறான். அங்கே மீட்டர் இல்லை, மெக்கானிக் இல்லை, விரல்தான் இருந்தது. செல்ப் இழுக்கும்போது கரண்டு வெள்ளமாக ஓடும். வழியில் எங்கே அடைப்போ அங்கே சூடு ஏறும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

"அமுக்கு."

'டக்'.

பேட்டரியின் முடிச்சைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. செல்ப்புக்குப் போகிற தடித்த கம்பியைத் தொட்டான். அதுவும் ஜில். செல்ப் எரிந்துபோயிருந்தால் அதன் உடம்பில் நாற்றமாவது இருக்க வேண்டும். இல்லை.

"இன்னொரு வாட்டி. உடாதே, அமுக்கிகினே இரு."

பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று போகும். அது சட்டத்தில் முடுக்கியிருக்கிற இடத்தில் விரலை வைத்தான்.

"ஆத்தாடி!"

"இன்னாய்யா? இன்னா ஆச்சு?"

"சுட்டுச்சு." கீழிருந்து அவன் சிரிப்பது கேட்டது. "நல்லா சுட்டுச்சுடி!"

"சுட்டதுக்கு சிரிக்கறியே, பைத்தியமா உனுக்கு?"

போல்ட்டைக் கழற்றினான். பட்டையின் மேல்பக்கம் பொன்னாய் மின்னியது. அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் ஏமாந்தான், மெக்கானிக்கும் ஏமாந்தான். இத்தனை சுத்தமாக இருக்கிற இடத்தை எவன் சந்தேகப்படுவான்? திருப்பிப் பார்த்தால், கீழே காய்ந்து ஓடாகிப்போன மஞ்சள் பத்து. அதற்கும் கீழே, சட்டத்தில் புதுக் கறுப்புப் பெயிண்ட். மூக்கருகே கொண்டுபோனான். சந்தனம்.

எல்லாம் புரிந்துவிட்டது. வருஷமெல்லாம் இந்த வண்டியைத் துடைக்கிறவன், ஓட்டுகிறவன், அடியில் படுக்கிறவன் அவன். ஆயுத பூஜையன்றைக்கு மட்டும் அவன் தொட்டால் தீட்டு. படிக்கு வெளியே நிறுத்தி, பொரியும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வண்டியைப் பூஜைக்குச் சோடித்தது சிவப்பிரகாசம்.

அரிவாள் முனையால் அவன் சுரண்டத் தொடங்கியபோது கௌரியம்மாள், ஆதிகேசவனின் மனைவி, ஷெட்டுக்குள் வந்தாள்.

"இன்னாடா அது, அருவாள வச்சிகினு? பூஜைக்கு வச்ச சந்தனத்தையா சொரண்டறே? நாளைக்கு பொண்ணு பாக்க வராங்க, ஊட்ல நல்ல காரியம்!"

அவள் போட்ட சத்தத்தில் ஆதிகேசவன் வந்தார். பின்னாலேயே சிவப்பிரகாசம்.

"ஆண்ட, செல்ப் எரியலீங்க" என்றான் பங்காரு, அடியிலிருந்து வெளியே வந்து. "இந்த பட்ட இரும்போட இரும்பா ஒட்டணும். நடுவுல பெயிண்டும் சந்தனமும் இருக்குது. கரண்டு தாண்டல."

"நான்தாங்க கழட்டினேன்" என்றார் சிவப்பிரகாசம், பெருமையோடு. "களிம்பு பிடிச்சுப் பாக்க சகிக்கல. அம்மா பூஜைப் பாத்திரம் தேய்க்கறப்போ இதையும் குடுத்து, புளி போட்டு தேய்க்கச் சொன்னேன். சட்டத்துக்கும் பெயிண்ட் அடிச்சு, சந்தனம் வச்சு, முன்ன இருந்தாப்பல முடுக்கிட்டேன். எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க!"

பங்காரு பட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சிவப்பிரகாசத்தின் முகத்தில் பெருமை மெல்ல வடிந்தது.

"சாமி சந்தனம் எப்டிடா கெடுதல் பண்ணும்?" என்றாள் கௌரியம்மாள்.

"நெத்தில வச்சா குளுமைங்கம்மா. கண்ணுக்குள்ள அப்பினா?"

மணியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆதிகேசவன் பட்டையையும் பார்த்தார், பங்காருவையும் பார்த்தார். "சொரண்டு. ஆனா ஒண்ணு. சொரண்டியும் எடுக்கலன்னு வச்சிக்கோ, சந்தனத்த கெடுத்த பாவமும் உன்து, சாவியும் காரியஸ்தருது."

"எடுக்கும் ஆண்ட."

பங்காரு மறுபடி அடியில் புகுந்தான். பெயிண்ட் போய், துரு போய், இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினான். பட்டையின் அடிப்பக்கத்தையும் சுரண்டினான். போல்ட்டை மூச்சுப் பிடித்து முடுக்கினான்.

பொழுது மலைக்கு மேல் சாய்ந்திருந்தது. வேலை முடிந்து வந்த பெண்களைப் பழக்கதோஷத்தில் சிவப்பிரகாசம் மறித்துக் கூட்டி வந்தார். அவர்களும் பழக்கதோஷத்தில் காரின் பின்னால் கை வைத்தார்கள்.

"கைய எடுங்க" என்றான் பங்காரு.

"இன்னா பாவா, ஊதியே தள்ளப் போறியா?" என்றாள் பூவம்மாள்.

"எல்லாரும் கைய எடுங்க. ஒரு கை படக்கூடாது."

உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். மிதித்தான்.

'டக்' இல்லை. கர்ரென்று செல்ப் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றியது. மூன்று சுற்று. எஞ்சின் பற்றிக்கொண்டது. ஷெட் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. பெண்கள் எல்லாரும் தூக்கிய கையைக் கீழே போட மறந்து நின்றார்கள்.

அவன் அணைத்தான். மறுபடி மிதித்தான். பற்றியது. இன்னொரு முறை.

"போதும்டா, பெட்ரோலு!" என்றார் ஆதிகேசவன். பாராட்டு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. திரும்பிப் போகையில் மட்டும் சிவப்பிரகாசத்திடம் சொன்னார்: "சித்தூரான வரவேணாம்னு சொல்லிடு. அடுத்த பூஜைக்கு இவன் கிட்ட இல்லாம வண்டில கை வெக்காதே."

வெள்ளிக்கிழமை புத்தூர்க்காரர்கள் வந்தார்கள், பெண் பார்த்தார்கள், பஜ்ஜி தின்றார்கள். ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக இருமுறை கார் போய் வந்தது, யார் கையும் படாமல். சாயங்காலம் அவர்களை ரயிலேற்றிவிட்டுப் பங்காரு தனியாகத் திரும்பினான். வழியில் ஆதிகேசவனின் வயல். களையெடுத்துக் கொண்டிருந்தார்கள்.

சாலை அங்கே தட்டையாக இருந்தது. ஒரு சாண் சரிவு கிடையாது. அவன் காரை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.

வயலில் எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். கெட்டது குடி என்ற முகத்தோடு பூவம்மாள் கைச்சேற்றைக் கழுவ வாய்க்காலுக்கு இறங்கினாள்.

"எங்க வரே? இரு அங்கியே!" என்று கத்தினான். இறங்கி வரப்பில் நடந்துபோய், அவர்கள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். அவசரமே படாமல் குடித்தான். பிறகு மணியம்மையைக் கூப்பிட்டான்.

"கால கழுவிகினு வா."

"எங்க?"

"வாடி."

முன்கதவைத் திறந்து ஸ்டீரிங்குக்கு எதிரே அவளை உட்கார வைத்தான். அவள் ஸீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"ஆண்ட பாத்தா?"

"பாக்கட்டும். அமுக்கு. இந்த தபா காலால."

அவள் மிதித்தாள். கார் உறுமியது. வயலில் பூவம்மாள் ஏதோ கத்தினாள், எஞ்சின் சத்தத்தில் அது காதில் விழவில்லை. மணியம்மை காலை எடுக்கவே இல்லை. "எட்றீ, எட்றீ, செல்ப் பல்லு தேஞ்சுடும்!" என்று பங்காரு குனிந்து அவள் காலைப் பிடித்து எடுத்துவிட்டான்.

அவள் முன்கண்ணாடிக்கு மேல் திரும்பிக் கிடந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். கை நீட்டி, பின்னால் உள்ள சாலை முழுதும் தெரியும்படி அதை நேராக்கிவிட்டு இறங்கினாள்.