பாடன் மண்டபத்தில் அமெரிக்கா

நூற்றுப் பதினெட்டுப் பெரிதா, எழுபத்தொன்று பெரிதா? என் மகள் லக்சாயினிக்கு ஒன்பது வயது. அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லுவாள். எங்கள் தமிழ்ப் பாடசாலை ஒன்றியத்துக்கு மட்டும் எழுபத்தொன்றுதான் பெரிது.

ஒன்றியத்துக்குச் சுவிஸில் மூன்று ஊர்களில் வகுப்புகள் இருக்கின்றன: வின்டர்தூர், பாடன், பீல். பீலில்தான் பிள்ளைகள் அதிகம். நானும் அங்கேதான் இருக்கிறேன். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் மேசைக்கு முன்னால் குனிந்திருந்து முள் பூட்டுகிற வேலை. எங்கள் ஊர்த் தாய்மாரில் பாதிப்பேர் முதியோர் இல்லங்களில், மீதிப்பேர் ஹோட்டல் சமையலறைகளில். சனிக்கிழமை என்பது எங்களுக்கு லீவு நாள் இல்லை. புதன்கிழமை பின்னேரம் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பூட்டிவிடும். அதனால் பீல் வகுப்பு புதனில்தான் நடக்கும். லக்சாயினி பள்ளியில் பிரெஞ்சு, விளையாட்டு மைதானத்தில் ஜெர்மன். என்னோடு தமிழில் கதைப்பாள். ஆனால் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க அவள் பழகியது அந்தப் புதன்கிழமை அறையில்தான். வேறெங்கும் அவளுக்கு அது கிடைக்காது.

அந்த வகுப்பைத்தான் மூடப்போவதாக மதிவதனன் சொன்னார். வின்டர்தூர்க்காரர், கணினி வேலை, படித்த மனிதர். இந்த முறை தலைவர் பதவிக்கு நின்றார். "ஒரே இடம், ஒரே தரம்" என்பது அவருடைய கொள்கை. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் சனிக்கிழமை காலையில் வின்டர்தூருக்கு வரவேண்டுமாம். பீலிலிருந்து அங்கே போக ரெயிலில் இரண்டு மணித்தியாலம். யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டேன். "ஆர்வம் இருக்கிற பெற்றோர் வழி கண்டுபிடிப்பினம் அக்கா" என்றார். ஆர்வம் இல்லாமலா நாங்கள் வேலை முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் பிள்ளைகளை அந்த அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறோம்?

அவருக்கு எதிராகச் சுலோஜனா அக்கா நின்றார். பீல் வகுப்பின் ஆசிரியை. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்து படிப்பிக்கிறவர். அவர் வென்றால் வகுப்பு இருக்கும், தோற்றால் மூடப்படும். விஷயம் அவ்வளவுதான்.

மூன்று ஊரிலும் ஒரே நாளில் வாக்களித்தோம். சுலோஜனா அக்காவுக்கு நூற்றுப் பதினெட்டு. மதிவதனனுக்கு எழுபத்தொன்று. பாடன் மண்டபத்தில் முடிவு சொல்லப்பட்டபோது நாங்கள் கைதட்டத் தொடங்கிவிட்டோம். இராஜசிங்கம் அண்ணை ஒலிவாங்கியைத் தட்டினார்.

"கைதட்டாதேங்கோ. மதிவதனன்தான் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார்."

இராஜசிங்கம் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்றியத்தைத் தொடங்கியவர், இவ்வளவு காலமும் தலைவராக இருந்தவர், பாடன்வாசி. அவருக்கு அமெரிக்கத் தேர்தல் என்றால் பைத்தியம். எந்த மாநிலம் சிவப்பு, எந்த மாநிலம் நீலம், சனாதிபதியைத் தெரிவு செய்ய எங்கே எத்தனை தெரிவாளர்கள் என்று மனப்பாடமாக ஒப்புவிப்பார். அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து எவ்வளவோ காலம். வருஷத்தில் நாலுதரம் இங்கே வாக்களிக்கக் கேட்கிறார்கள். ஓய்வூதியம், வாடகை, மருத்துவக் காப்புறுதி என்று நம் வீட்டுக்குள் வருகிற விஷயங்கள். அதைப் பற்றி அவர் வாய் திறந்து ஒருவரும் கேட்டதில்லை. பென்சில்வேனியாவைப் பற்றி என்றால் விடிய விடியக் கதைப்பார்.

கடந்த பொதுக்கூட்டத்தில் அவர் அமெரிக்க முறையை எங்கள் யாப்புக்குள், அதாவது ஒன்றியத்தின் சட்டவிதிகளுக்குள், கொண்டுவந்துவிட்டார். ஊருக்கு ஒரு பிரதிநிதி. ஓர் ஊரில் யாருக்கு வாக்கு அதிகமோ அவருக்கே அந்த ஊரின் பிரதிநிதி முழுசாகப் போவார். மூன்று பிரதிநிதிகளில் இரண்டு பேரைப் பிடித்தவர் தலைவர். பீலில் எழுபதுக்குப் பதினாறு என்று சுலோஜனா அக்கா அள்ளியிருந்தார். வின்டர்தூரில் ஐந்து வாக்காலும் பாடனில் இரண்டு வாக்காலும் மதிவதனன் முந்தியிருந்தார். கணக்கு முடிந்தது.

இதற்கு எப்படி எல்லோரும் சம்மதித்தார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வரக்கூடிய எந்த விஷயத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர்தான் எடுப்பார்கள். சமையலறையில் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும். வாசம் மண்டபத்துக்குள் வரும். பிள்ளைகள் சிணுங்கும். அந்த நேரத்தில் மண்டபத்தை விற்கப்போகிறோம் என்று சொன்னாலும் கை உயரும். அன்று எனக்கு வேலை. என் மனுஷன் தினேசன் போயிருந்தார். அவரும் கையைத் தூக்கியிருக்கிறார். என்ன விஷயத்துக்குத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் தூக்கினவை" என்றார்.

முடிவைச் சொன்ன அன்று நான் மேடைக்கே போய்விட்டேன்.

"அண்ணை, கூட வாக்கு எடுத்தவ தோத்துப்போனா எண்டு சொல்லுறியள். இது என்ன நியாயம்?"

"பிள்ளை, வடிவாக் கேள். தலையை மட்டும் எண்ணினா எப்பவும் பீல்தான் ஆளும். சின்ன ஊருகளை ஆர் மதிப்பினம்? அமெரிக்காவைக் கட்டினவை முட்டாள்களோ? கலிபோர்னியா சனத்தொகையைக் கொண்டு வயோமிங்கை விழுங்கக்கூடாது எண்டுதான் அப்பிடி வைச்சவை. இந்த நூற்றாண்டிலயே ரெண்டுதரம் குறைஞ்ச வாக்கு எடுத்தவை சனாதிபதியா வந்தவை. அந்த நாடு இடிஞ்சோ போச்சு?"

"பாடன் வயோமிங்கோ அண்ணை?"

"சும்மா கதைக்காதை. நீ இருக்கிற நாட்டைப் பார். சுவிஸிலயும் யாப்பை மாத்திறதெண்டால் மாநிலங்களையும் எண்ணுறாங்கள்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே யாப்பை மாற்ற மாநிலங்களையும் எண்ணுகிறார்கள், சனத்தையும் எண்ணுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஓம் சொல்லவேண்டும். அவர் மாநிலத்தை வைத்துக்கொண்டு சனத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். இதைச் சொன்னேன். மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று வீடு திரும்பும்போது லக்சாயினி, "அம்மா, அப்ப புதன்கிழமை எனக்கு என்ன?" என்று கேட்டாள். ஜிம்னாஸ்டிக்கில் சேர்த்துவிடலாம் என்றார் தினேசன். நான் அவரோடு பீல் வரைக்கும் கதைக்கவில்லை.

ஆனால் சும்மா இருக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு சங்கத்தின் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பொதுக்கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக அலைந்து கையெழுத்து வாங்கினேன். வேண்டிய அளவைவிட அதிகமாகவே கிடைத்தது. எங்கள் ஆட்கள் கோபத்தில் பேனையைப் பறித்துக் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் "அநியாயம், பச்சை அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். வின்டர்தூரிலிருந்தும் பலர் வைத்தார்கள். சுலோஜனா அக்காதான் முதலாவது. "தலையை எண்ணாத தேர்தல் தேர்தலே இல்லை, பிரியா" என்றார். அந்த வசனம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பாடன் மண்டபத்தில். முதல் விஷயம், மூன்று பிரதிநிதிகளும் எழுந்து முறைப்படி வாக்கைச் சொல்வது. வெறும் சடங்கு. அதையும் அமெரிக்காவில் செய்கிறார்கள் என்பதற்காக இராஜசிங்கம் அண்ணை வைத்திருந்தார். இரண்டாவது விஷயம், பழையபடி தலையை எண்ணுகிற முறைக்குத் திரும்பவேண்டும் என்ற என்னுடைய தீர்மானம்.

வின்டர்தூர்ப் பிரதிநிதி எழுந்து மதிவதனன் என்றார். பீல் பிரதிநிதி சுலோஜனா என்றார். மூன்றாவது பாடன். அந்த வேலைக்கு ஒருவரும் முன்வராததால் இராஜசிங்கம் அண்ணை தன் மனைவி கலாவதி அக்காவையே போட்டிருந்தார். சொன்னதைச் சொல்லிவிட்டு இருக்கக்கூடிய ஆள் என்று நினைத்திருப்பார். கலாவதி அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சுலோஜனா."

அண்ணை ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "பேர் மாறிச் சொல்லிப்போட்டாய்" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

"இல்லை, தெரிஞ்சுதான் சொன்னனான். கூடச் சனம் கேட்ட ஆளைச் சொன்னனான். எனக்குச் சுலோஜனாவோட ஒரு சொந்தமும் இல்லை."

"பாடன் மதிவதனனுக்கெல்லோ போட்டது?"

"பிரதிநிதி மாத்திச் சொல்லக்கூடாது எண்டு எங்கயும் எழுதியிருக்கோ?"

எழுதியிருக்கவில்லை. அமெரிக்காவில் இப்படிக் கட்சி மாறுகிற தெரிவாளர்கள் இருந்திருக்கிறார்கள், பல மாநிலங்கள் அதைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. இதை எனக்குச் சொன்னதே இராஜசிங்கம் அண்ணைதான், வேறொரு நாள், பெருமையாக. யாப்பில் எழுதும்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டார். மதிவதனன் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். விதி விதிதான் என்று முடிவு சொன்ன அன்று அவரே எங்களுக்குச் சொல்லியிருந்ததால் திரும்பவும் இருந்துவிட்டார்.

இரண்டுக்கு ஒன்று. சுலோஜனா அக்கா தலைவர். பீல் வகுப்பு தப்பியது. எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அதன் பிறகு என் தீர்மானம் வந்தது. புதுத் தலைவர் என்பதால் சுலோஜனா அக்காதான் அதை வாசித்தார். கொஞ்சம் வேகமாகவே வாசித்தார். "பிரியதர்சினி கொண்டு வந்த தீர்மானம். ஊருக்கு ஒரு பிரதிநிதி எண்ட முறையை நீக்கிறது. ஆதரிக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

நான் கையை உயர்த்தினேன்.

பக்கத்தில் இருந்த தினேசன் உயர்த்தவில்லை. அவருடைய முழங்கையை இடித்தேன். "விடப்பா," என்று மெதுவாகச் சொன்னார், "இப்ப அந்த முறையாலதானே நாங்கள் வந்தது. சோறு போட்ட கையை ஏன் கடிக்கிறாய்?" திரும்பிப் பார்த்தேன். பச்சை அநியாயம் என்று கையெழுத்து வைத்தவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீல் தாய்மார் ஒருவருக்கும் கை எழும்பவில்லை. ஒருத்தி எனக்குக் கண்ணால் சைகை காட்டினாள், கையை இறக்கு என்று.

இராஜசிங்கம் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்த முகம் இப்போது மலர்ந்துவிட்டது.

என்னுடையதைத் தவிர இன்னொரு கை மட்டும் உயர்ந்திருந்தது. கலாவதி அக்காவின் கை.

"ரெண்டு," என்றார் சுலோஜனா அக்கா. "தீர்மானம் தோத்தது. அடுத்த முறை வசதி வந்தால் பாப்பம்." என் பக்கம் பார்க்கவில்லை.

நான் நேரே போய் அவர் முன்னால் நின்றேன். "அக்கா, உங்கட கையெழுத்துத்தான் முதலாவது. நீங்கள் ஏன் கையைத் தூக்கேல்லை?"

"தலைமை தாங்கிற ஆள் வாக்குப் போடுறது அழகில்லை, பிரியா. வகுப்புத் தப்பினது தானே? அதுக்குத்தானே ஓடினனாங்கள்?"

நான் அருவருப்போடு வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் கலாவதி அக்கா தனியாக நின்று கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணை முன்னாலே போய்விட்டார். அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நன்றி சொல்லாதை. நான் நல்ல மனமா இருந்தபடியால உங்களுக்கு வகுப்பு கிடைச்சதெண்டால், அது என்ன தேர்தல்? அடுத்தமுறை அவர் இந்த வேலையை எனக்குத் தரமாட்டார்."

ரெயிலில் எங்கள் பெட்டி முழுக்கச் சிரிப்பும் பாட்டும். யாரோ இனிப்பு வாங்கி எல்லோருக்கும் நீட்டினார்கள். லக்சாயினி இரண்டு எடுத்தாள். நான் எடுக்கவில்லை. தினேசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வெண்டும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிறாய். உனக்கு என்னதான் வேணும்?"

"நாங்கள் எங்க வெண்டது? எங்களுக்குத் தந்தவை. தந்தவை திருப்பி எடுக்கேக்கை, ஆரிட்டைக் கையெழுத்துக்குப் போறது?"

எதிர் இருக்கையில் இருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.