ஒரு முனகல்கூட இல்லை

சித்ரகுளத்துக்குப் பக்கத்தில் இருந்த சுப்பராமன் வீட்டில் யாரும் உரக்கப் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு காண்டிராக்டர் வீட்டுத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்தக் குடும்பத்தில் சொத்துச் சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை, நாலு பேர் பார்க்க அழுத பெண்ணும் இல்லை. மனைவி விஜயலக்ஷ்மி புற்றுநோயில் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் இன்றும் சொல்வார்: "நாலு மாசம் படுக்கையா கிடந்தா. ஒரு முனகல்கூட இல்லை."

சொல்லும்போது கழுத்து நிமிரும். நிமிரத் தகுந்த விஷயம்தான் என்று கேட்டவர்களும் நினைத்தார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவள் பேரில் ஒரு மனை இருந்தது. 1997இல் அதை விற்றதும், பணம் முழுக்க அவள் பெயரில் ஒரு தர்மத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார். வருஷா வருஷம் சபாவில் ஒரு கச்சேரி வைக்கலாம் என்றான் மகன் ஜெயராம். "பாட்டுக்கு இந்த ஊர்ல பஞ்சமா வந்துடுத்து?" என்று தள்ளிவிட்டார்.

அப்போதுதான் சாந்தோமிலிருந்து டாக்டர் ரெனிட்டா வந்தார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவர், வயது முப்பத்தைந்துக்குள்தான். கையில் இரண்டு பக்க விண்ணப்பம். வருஷத்துக்கு இருபது டாக்டர்களையும் நர்சுகளையும் சேர்த்து, ஆறு வாரம், வலிக்கு வைத்தியம் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு இந்தப் பணம் வேண்டும்.

"டாக்டருக்கே பாடமா? அவாளுக்குத் தெரியாததா?" என்றார் சுப்பராமன்.

"காலேஜ்ல வலியைப் பத்தி எங்களுக்கு ஒரே ஒரு வகுப்புதான் சார் எடுத்தாங்க. நானும் அப்படித்தான் பாஸ் பண்ணேன். மார்ஃபின்னாலே எங்களுக்குப் பயம். நோயாளி அடிமையாயிடுவாரோன்னு. வலிக்குன்னு அளவு பார்த்துக் கொடுத்தா அப்படி ஆகறது அபூர்வம். இது என்னோட அபிப்பிராயம் இல்ல சார். ஆயிரக்கணக்கான பேரைக் கவனிச்சு எழுதி வெச்சிருக்காங்க."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்தது. சோதித்துப் பார்க்காத சிமெண்டை ஒரு பாலத்திலும் போட விடாதவர் அவர். பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தின் நடுவில் கை நின்றுவிட்டது. 'கடும் வலியை மருந்தின்றித் தாங்கி மறைந்த விஜயலக்ஷ்மி அம்மாள் நினைவாக' என்று அங்கே இருந்தது.

"யார் சொன்னா உங்களுக்கு இப்படி?"

"யாரும் சொல்லல சார். முதுகெலும்புக்குப் பரவியிருந்ததுன்னு நீங்கதான் ஃபோன்ல சொன்னீங்க. என்ன மருந்து கொடுத்தாங்கன்னு கேட்டேன். ஜுரத்துக்குப் போடற மாத்திரைதான்னீங்க. அதை வெச்சு எழுதினேன்."

"தப்பா எழுதிட்டேள். எங்காத்துல அப்படி ஒண்ணும் நடக்கலை. செவ்வாய்க்கிழமை தவறாம டாக்டர் வருவார். 'எப்படி இருக்கேள் மாமி?'ம்பார். 'நன்னா இருக்கேன், காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ'ம்பா. இந்த வரியை எடுத்துடுங்கோ, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"எடுத்துடறேன் சார்." பயிற்சி நடந்தால் போதும் ரெனிட்டாவுக்கு. வரியின் மேல் கோடு போட்டார். பிறகு மெதுவாக, "ஒண்ணு மட்டும் கேக்கறேன். தூங்கினாங்களா?" என்றார்.

சுப்பராமன் மாடிப்படியைப் பார்த்தார். அந்த நாலு மாதமும், நோயாளிக்குத் தொந்தரவு கூடாதென்று, அவர் மாடி அறையில்தான் படுத்தார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. விஜயலக்ஷ்மியைக் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட சுந்தரவல்லி, டம்ளர்களை எடுக்க வந்தவள், நின்றுவிட்டாள்.

"இன்னா தூக்கம் டாக்டரம்மா? துண்ட வாயில வெச்சுக் கடிச்சிக்கினு கெடக்கும். காலைல அலசச்சொல்ல பாத்தா துண்டு ஓட்ட ஓட்டயா கீது. டாக்டரு வர்ற அன்னிக்கு மட்டும் தலய வாரிவுடு, பொட்டு வெய்யி, நிமித்தி உக்கார வெய்யின்னும்."

"சுந்தரவல்லி!"

"அதட்டாதீங்கய்யா. மூணு வருசமா வாய மூடிக்கினுதான் கீறேன். உங்க கைல சொல்லக் கூடாதுன்னு அது சத்தியம் வாங்கிக்கிச்சு."

அவள் டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

சுப்பராமனுக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. படுக்கையில் விழுந்த முதல் வாரம். விஜயலக்ஷ்மி ஒரே ஒரு தடவை வாய்விட்டு அலறினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் எழுந்துபோய்த் தம் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "விஜயா, தெருவுக்கே கேக்கறது" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. வலி குறைந்துவிட்டது என்று நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

"அந்த வரி இருக்கட்டும்," என்றார். "கீழே இன்னொண்ணு சேர்த்துக்கோங்கோ. 'கத்தாதே என்று புருஷன் சொன்னான், அதனால் அவள் கத்தவில்லை.' புருஷன்னு போடாதேங்கோ. என் பேரையே போடுங்கோ."

"சார், இதெல்லாம் வேண்டாம். நீங்க பணம் கொடுக்கறதே..."

"படிக்க வர்றவாளுக்கு முதல் நாளே இதை வாசிச்சுக் காட்டணும். மானம் பார்க்கற ஆத்துல போய் 'எப்படி இருக்கேள்'னு கேட்டா, 'நன்னா இருக்கேன்'னுதான் சொல்லுவா. அதை நம்பிண்டு எழுந்து போயிடப்படாது."

ரெனிட்டா எழுதினார். சுப்பராமன் வாசித்துப் பார்த்து, மரியாதைக்காக அவர் 'சொன்னார்' என்று எழுதியிருந்ததை 'சொன்னான்' என்றே திருத்தி, அடியில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணவில்லை.

"அந்த மருந்து அப்பவே இருந்ததா?"

ரெனிட்டா தயங்கினார். "இந்த ஊர்லயே ஒண்ணு ரெண்டு இடத்துல இருந்தது சார். எழுதிக் கொடுக்கத் தெரிஞ்சவங்கதான் இல்ல."

"ஊசியா?"

"இல்ல. சின்ன மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு."

"கசக்குமோ?"

"கசக்கும் சார்."

சுப்பராமன் பேனாவை மூடினார்.

"அவளுக்குக் கசப்பே ஆகாது," என்றார். "தேன்ல குழைச்சுத்தான் கொடுத்திருக்கணும். நானே கொடுத்திருப்பேன்."