டாரலின் சுடுதண்ணீர்த் தொட்டி

ஆஸ்திரேலியாவில், இந்தப் பல்லாரட் ஊர்க் குளிரில் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு சாப்பிடுகிற ஆளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். என் புருஷன் லெஸ்ஸுக்கு மின் கட்டணம்தான் எமன். இந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டரைத் தொடவே விடவில்லை. அப்படியும் பில் ஏறிக்கொண்டே போனது.

ஒவ்வொரு பில்லுக்கும் கோபித்துக்கொண்டு கம்பெனியை மாற்றினான். இங்கே அது சுலபம். கம்பமும் கம்பியும் தெருவுக்கே பொது. பில் அனுப்புகிறவன் மட்டும் மாறுவான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் டாரலோ, கொல்லையில் கரண்டில் கொப்பளிக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி வைத்து எந்நேரமும் அதில் ஊறுகிறவன். அவனுக்குப் பில் கொசுறு மாதிரி வரும்.

"என் கம்பெனிக்கு மாறுடா மச்சி, எங்க கரண்டே தனி" என்பான் வேலிக்கு மேலே தலையை நீட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டேன். "லெஸ், இன்னைக்கு ஹீட்டர் எரியணும். இல்லன்னா கெய்ர்ன்ஸுக்கு, என் தங்கச்சி பெரில் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க மனுஷங்களுக்கு வேர்க்குதாம்!"

ஆள் ஆடிப்போய்விட்டான். "எங்கயோ கரண்டு ஒழுகுது மாவிஸ். இரு, கண்டுபிடிச்சுடறேன்."

ஃப்ரிட்ஜ் வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு என்னை வெளியே இழுத்துப் போனான். இரண்டு வீட்டு மீட்டரும் பொதுச் சுவரில் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. எங்கள் வீட்டு எண் எழுதிய மீட்டர் பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, இருட்டா கிடக்கிற வீட்டுக்கா இவ்வளவு!" அழுதுவிடுவான் போலிருந்தது.

"தள்ளு அப்படி" என்று அதன் கீழிருந்த சுவிட்சைப் பட்டென்று இறக்கினேன். மீட்டர் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல்.

"எவன்டா அது? தொட்டி நின்னுபோச்சு! லைட்டும் போச்சு!"

ஏற்றினேன். அங்கே தண்ணீர் மறுபடி கொப்பளித்தது. இறக்கினேன். மறுபடி அலறல். ஒயர் போட்ட புண்ணியவான் வீடு மாற்றிக் கோத்திருக்கிறான்! மூச்சு வாங்க மறுபடி ஏற்றினேன்.

"நாலு கம்பெனி மாத்துனியே லெஸ், நாலு பேருக்கும் அவன் ஊறுற தண்ணிக்குத்தான் அழுதிருக்கோம். நம்ம இருட்டுக்கு அவன் கட்டியிருக்கான்!"

அடிதடிதான் என்று நினைத்தேன். லெஸ் உள்ளே போனான். ஜட்டியும் தோளில் துண்டும் தலையில் தொப்பியுமாக வந்து, நேரே டாரலின் கொல்லைக்குள் நுழைந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மச்சி, என்னடா கோலம் இது?" டாரலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தள்ளி உக்காரு. இது என் தண்ணி."

விஷயத்தைச் சொன்னதும் டாரல் வெளிறிப்போனான். "நாளைக்கே கம்பெனிக்குச் சொல்லி மாத்திடலாம் மச்சி."

"சொல்லலாம், சொல்லலாம். என்ன அவசரம்?" லெஸ் கழுத்து வரை மூழ்கினான். இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினான். "மாவிஸ், வாயேன்! சுடச்சுட இருக்கு!"

முதலில் வீட்டுக்குள் போய், டாரலின் கணக்கில் எல்லா ஹீட்டரையும் போட்டேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். கெய்ர்ன்ஸுக்கென்று வைத்த நீச்சலுடை மேலாகவே இருந்தது.