படிக்காம போட்ட கையெழுத்து

எல்லையில சண்டை நின்னு நாலு மாசம் ஆச்சு. அந்த அச்சகத்துல மட்டும் இன்னும் நிக்கலை. டீ வந்தா போதும், ஆரம்பிச்சிடும்.

அன்னிக்கு மெஷின்ல ஓடினது பள்ளிக்கூடப் புத்தகத்துக்கான மேப். ரெண்டு நாடும் எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிட்ட மலை, மேப்புல நம்ம நாட்டுக்குக் கொடுத்த மஞ்சள் கலர்ல இருந்துச்சு.

"அவங்கதான் முதல்ல சுட்டாங்க. அவங்கதான் பொறுப்பு. இதுல என்ன பேச்சு?" பேப்பர் வெட்டுறவன் சொன்னான். வாய் ஓயாது, அதனால ரேடியோன்னு பேரு.

"நாம அங்க போய் கூடாரம் அடிச்சோமே, அது எதுக்கு? காத்து வாங்கவா?" புரூப் பார்க்கிற அம்மா கேட்டாங்க.

"அது நம்ம இடம்மா!"

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. அவங்க புத்தகத்துல அந்த மலை வேற கலர்ல இருக்கும்."

"எல்லாம் ஓட்டுக்காகப் பண்றது"ன்னார் சூப்பர்வைசர்.

அம்மா விடலை. "அந்த ஓட்டைப் போட்டது யாரு சார்? ஊர்வலத்துல தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினது நீங்கதானே?"

எல்லாரும் சிரிச்சாங்க. மூலையில புத்தகம் தைச்சுக்கிட்டிருந்த பைண்டர் மட்டும் சிரிக்கலை. "யார் மேல பழி போட்டு என்னப்பா, போனவன் வரவா போறான்?"னார்.

ரேடியோ சட்டுனு திரும்பினான். "நீ பேசாதேண்ணே. தங்கச்சி மகனை வண்டியில ஏத்திட்டுப் போய் ராணுவத்துல சேர்த்து விட்டதே நீதானே?"

பைண்டர் குனிஞ்சு தையலைத் தொடர்ந்தார். மெஷின் பக்கத்துல நின்ன மெஷின்காரர் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டார். அந்த மலையில செத்தது அவரோட பையன். பைண்டர் அவருக்கு மச்சான், பொண்டாட்டியோட அண்ணன்.

சின்ன வயசுப் பசங்க ராணுவத்துல சேரணும்னா வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அதைத் தன் அண்ணன்தான் போட்டார்னு மெஷின்காரரோட மனைவி முடிவே கட்டிட்டா. அண்ணனை வீட்டுப் படி ஏற விடலை. அவரும் மறுத்துப் பேசலை.

ஆனா போட்டது மெஷின்காரர். மெஷின் ஓடிக்கிட்டிருக்கிறப்ப பையன் ஒரு தாளை நீட்டி, "அப்பா, ஒரு கையெழுத்து"ன்னான். மெஷின்ல நிக்கிறவன் எழுத்தைப் படிக்க மாட்டான், மையைத்தான் பார்ப்பான். அவர் தாளை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "எந்தப் பிரஸ்டா இது? ஓரத்துல மை வெளிறிப் போயிருக்கு"ன்னு திட்டிட்டு, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டார். பையன் சிரிச்சுக்கிட்டே போனான். அது ராணுவத்துல சேர்ற தாள்னு அவருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

இன்னிக்கு வேலை முடிஞ்சதும் மெஷின்காரர் மச்சானைப் பிடிச்சு நிறுத்தினார். "ஏன் மச்சான் வாயே திறக்கலை? ஆள் எடுக்கிற முகாம்ல என் கையெழுத்தைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். என்கிட்ட அவ பேசலைன்னா நான் தாங்கிக்குவேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணுமே."

அதுக்கு மேல மறைக்க அவரால முடியலை. வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடிச்சுக்கிட்டிருந்தா. செருப்பைக் கூடக் கழட்டாம சொன்னார். "கையெழுத்துப் போட்டது உங்க அண்ணன் இல்லை. நான்."

நடந்ததை ஒண்ணு விடாம சொன்னார். கத்துவா, கையில இருக்கிறதைத் தூக்கி எறிவான்னு நினைச்சார். அவ மடிச்ச துணியையே திரும்பப் பிரிச்சு மடிச்சா.

"படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா?"

மாட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தார். பையன் முதல் லீவுல வந்தப்ப, சீருடையில எடுத்த போட்டோவை அச்சகம் பூரா காட்டினது நினைவுக்கு வந்துச்சு. அந்த மலை நம்மளோடதுன்னு ரேடியோவுக்கு மேல அன்னைக்குக் கத்தினதும் அவர்தான்.

"தெரியலைம்மா"ன்னார்.

அவ துணியைக் கீழ வெச்சா. அப்புறம் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டா. அந்தப் பக்கம் அவர் "என்னம்மா? சொல்லும்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். இவளுக்கு அழுகைதான் வருது.

மெஷின்காரர் அங்கயே நின்னார். உட்காருங்கன்னும் அவ சொல்லலை, போங்கன்னும் சொல்லலை.