மலையா, கரையா

அலுவலகத்தில் அவளை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். அதற்குத்தான் சம்பளமும். போர் நடக்கும் நாடு ஒன்றிலிருந்து கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வந்து சேர்கிறவர்களின் பேச்சைப் பதிவுசெய்து அவளுக்கு அனுப்புவார்கள். அவள் கேட்டுவிட்டுப் படிவத்தில் குறி போட வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: மலை, கரை. குண்டு விழுவது மலைப்பக்கத்தில். அங்கிருந்து வந்தவர் என்றால் தங்க அனுமதி கிடைக்கும். கரைப்பக்கம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவளும் அதே நாட்டுக்காரிதான், மலைப்பக்கத்தில் பிறந்தவள். இருபது வயதில் இங்கே வந்தாள். இந்த வேலையில் பத்து வருடம் ஓடிவிட்டது. ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு அட்டை. கதவைச் சாத்தினால் அவள் எச்சில் விழுங்குவது அவளுக்கே கேட்கும். பக்கத்து அறையில் இதே வேலையைக் கண்ணாடிக்காரர் என்று ஒருவர் பார்த்தார். அவர் கரைப்பக்கத்தவர். இருவரும் பதிவுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அன்று வந்தது ஒரு வெல்டருடைய பதிவு. தான் மலைக்காரன் என்று சொல்லியிருந்தான். முதல் மூன்று நிமிடம் சந்தேகமே இல்லை, வீட்டைப் பற்றிப் பேசும்போது சுத்தமான மலைப்பேச்சு. ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணச் சொன்னார்கள். அச்சு அசலாகக் கரைக்காரன். சட்டி, கரண்டி, உப்பு எல்லாமே கரைச் சொல். நடுவில் ஏதோ கேள்விக்குக் கோபம் வந்து திட்டினான். அது ராணுவ முகாம்களில் புழங்கும் வசவு. மன்னிப்புக் கேட்டபோது வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்டான். அவள் நான்கு முறை கேட்டாள். பேனா எந்தக் கட்டத்துக்கும் போகவில்லை.

"சார், அந்த ஆளை நேர்ல பாக்கணும்" என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"வழக்கம் இல்லையே" என்று இழுத்தார் அவர். பிறகு அரை மணி நேரம் கொடுத்தார்.

வந்தவர்களை அடைத்து வைத்திருப்பது அதே கட்டடத்தின் பின்பகுதியில். வெல்டர் அங்கே எட்டு மாதமாக இருந்தான். நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை தீப்பொறி சுட்ட புள்ளிகள். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தான்.

"எண்ணுறப்ப மட்டும் ஏன் கரைக்காரங்க மாதிரி எண்ணுறீங்க?"

"துறைமுகத்துல பதினோரு வருஷம் வேலைம்மா. காலையில போனதும் கம்பி எண்ணி வாங்கணும். அங்கயும் கம்பி எண்ணினேன், இங்கயும் எண்ணுறேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"சட்டி, கரண்டி?"

"என்னைப் பெத்தவ எனக்கு நாலு வயசுல போய்ட்டா. அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்ட சித்தி கரைக்காரி. அவதான் சோறு போட்டா. அடுப்பங்கரையில அவ பேச்சுத்தான்."

"திட்டினீங்களே?"

"ராணுவம் புடிச்சிட்டுப் போயி ரெண்டு வருஷம் அவங்க சமையக்கட்டுல போட்டு வச்சிருந்துச்சு. வேற என்னத்தக் கத்துக்க முடியும்?"

"சரி, இதுல உங்க சொந்தப் பேச்சு எது?"

அவன் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "எல்லாந்தாம்மா. எதைக் கழிச்சிட்டுப் பேசச் சொல்றீங்க? வீடு இருந்தது மலையில. எரிஞ்சதும் மலையில." பிறகு, "நீங்க கரைப்பக்கமா?" என்று கேட்டான்.

"இல்ல. மலை."

"அப்படியா? பேச்சைக் கேட்டா தெரியலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாக அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவள், தன் வாயை ஒரு நாளும் கவனித்ததில்லை. மறுநாள் காலை வீட்டில் கவனித்தாள். குளிரும் கோபமும் பெற்ற தாயின் சொல்லில் வந்தன. துணி, தட்டுமுட்டுச் சாமான், சொந்தக்காரர்களைப் பற்றிய புறணி எல்லாம் கரைக்காரி மாமியாரின் சொல்லில். வாக்கியத்தை முடிக்கும் இழுப்பு கணவனுடையது. "அம்மா, நீ யார்கூட பேசுறியோ அவங்க மாதிரியே ஆயிடுற" என்றாள் மகள், தலையை வாரிக்கொண்டே, ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயம் போல.

அன்றே அவள் தன் பேச்சைப் பதிவுசெய்தாள். அதே கேள்விகள், அதே இருபது நிமிடம். குரல் அடையாளம் தெரியாமலிருக்கச் சுருதியை மட்டும் கருவியில் இறக்கி, மேலே ஒரு எண்ணை ஒட்டிக் கண்ணாடிக்காரருக்குப் போகும் பதிவுகளோடு சொருகிவிட்டாள். இரண்டாம் நாள் படிவம் திரும்பி வந்தது. கரை. 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று கீழே அவர் கையால் எழுதியிருந்தார்.

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேலதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். "சார், இது நான். என் பிறப்புச் சான்றிதழ் உங்க அலமாரியிலயே இருக்கு. படிவமே தப்பு சார். ஒரு மனுசனுக்கு ஒரு பேச்சுன்னு யாரோ உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க."

அவர் இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை மேல அனுப்பினா பத்து வருஷத்துக் கோப்பு மொத்தத்தையும் திறப்பாங்க. கரைன்னு எத்தனை பேருக்குக் குறி போட்டிருக்கீங்க, காதக்கா?"

அதுவரை அந்தப் பக்கம் அவள் யோசனை போகவே இல்லை. உப்புக்குச் சொன்ன ஒரே ஒரு சொல்லை வைத்துத் திருப்பி அனுப்பிய பெண் ஒருத்தியின் குரல் காதுக்குள் எழுந்தது. பதிவின் நடுவில் அவளுடைய கைக்குழந்தை இருமும். அந்தக் குறியைப் போட இவளுக்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல காது என்று அன்று பாராட்டினார்கள்.

"திறந்தாலும் போனவங்க திரும்பி வரப்போறதில்ல" என்றார் அவர். குரலில் மிரட்டல் இல்லை, களைப்புதான். "திறந்து முடிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவங்க ஒருத்தரும் வெளிய போக முடியாது. வருஷக்கணக்கா ஆகும். உங்க வெல்டரும்தான். இதைக் கிழிச்சுப் போடுங்க. அவருக்கு மலைன்னு போடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

எட்டு மாதமாகக் கதவையே பார்த்திருந்த அந்த முகம் கண்முன் வந்தது. படிவத்தை அவளே கிழித்தாள். வெல்டரின் படிவத்தில் மலை என்று குறி போட்டாள்.

வெல்டர் வெளியே போன அன்று வாசலில் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க காதுக்குக் கோயில் கட்டணும்மா" என்றான். அவளுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த பதிவு ஒரு இளம் ஆசிரியையுடையது. அவள் பேச்சிலும் நாலைந்து பேச்சு. காதக்கா கட்டங்களைத் தொடாமல் படிவத்தின் பின்பக்கம் முழுக்க எழுதினாள், எந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும், யாரிடம் வாங்கியிருப்பாள் என்று. ஒன்பது நாள் கழித்து அது திரும்பி வந்தது. 'ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.' அந்த ஒன்பது நாளும் ஆசிரியை கட்டடத்தின் பின்பகுதியில்தான் அடைபட்டிருந்தாள். காதக்கா மலை என்று குறியிட்டாள். அந்தப் பெண் மலைதானா என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்தவருக்கும் மலை. அதற்கடுத்தவருக்கும்.

ஒரு நாள் மேலதிகாரி அவள் அறை வாசலில் வந்து நின்றார். "இந்த மாசம் உங்ககிட்ட வந்த எல்லாருமே மலையா?"

"ஆமா சார்."

அவர் முடிந்த படிவங்களை வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் புது ஏற்பாடு வந்தது. இனிமேல் இருவரும் பேசிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம், ஒற்றைப்படை எண் போட்ட பதிவுகள் அவளுக்கு, இரட்டைப்படை எல்லாம் கண்ணாடிக்காரருக்கு. அவர் இன்னும் மலை, கரை என்று பிரித்துக்கொண்டுதான் இருந்தார்.