பரமக்குடி பிளேயரில் ஓடாத கல்யாணம்

ஒரு கல்யாணத்தின் சிடி எந்தெந்த வீட்டு பிளேயரில் ஓடுகிறதோ, அந்தந்த வீட்டில்தான் அந்தக் கல்யாணம் செல்லும். மேகலையின் கல்யாண சிடி ராஜபாளையத்தில் அவளுடைய அப்பா பரஞ்சோதியின் வீட்டில் நன்றாக ஓடியது. பரமக்குடியில் மாமியார் வீட்டில் ஓடவில்லை. அதனால் அவள் ராஜபாளையம் வந்தால் கல்யாணமானவள், பரமக்குடி திரும்பினால் விருந்தாளி.

விருந்தாளிக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. மாமியார் பஞ்சவர்ணம் அவளுக்கு வெள்ளி டம்ளரில்தான் காப்பி கொடுத்தாள். "இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோங்க" என்று மருமகளை வாங்க போங்க போட்டுத்தான் பேசினாள். மேகலை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "நீங்க போய் ஃபேனுக்கு அடியில உக்காருங்கம்மா" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவாள். மாப்பிள்ளை மாடியில் படுத்தார். மேகலைக்கு முன்னறையில், வருகிறவர் போகிறவர்களுக்கென்று வைத்திருந்த பாயும் தலையணையும். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள். மேகலைக்கு விருந்தாளியாகவே இரண்டாவது தீபாவளி வந்துவிட்டது.

"அப்பா, அத்தை ஒரு நாளாவது என்னைய 'ஏ புள்ள'ன்னு கூப்பிட மாட்டாங்களாப்பா?" என்று போனில் அழுதாள்.

பரஞ்சோதிக்குப் பெற்ற மனசு கேட்கவில்லை. அவர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். கல்யாணத்துக்கு வீடியோக்காரரை வைப்பது தண்டம் என்று, கூட வேலை பார்ப்பவரிடம் கேமராவை இரவல் வாங்கி, காலையிலிருந்து பந்தி முடிகிறவரை தானே நின்று எடுத்தார். வீட்டு மெஷினிலேயே சிடியும் போட்டார். அந்தக் கேமராவுக்குப் பேட்டரிகூட இரவல் கொடுத்தவர் வாங்கிப் போட்டதுதான்.

அந்த சிடியை எடுத்துக்கொண்டு பரமக்குடிக்குப் போனார். சம்பந்தி வீட்டு பிளேயர் அதை மரியாதையாகத்தான் உள்ளே வாங்கிக்கொண்டது. மண்டபம் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மணவறையில் மாப்பிள்ளை மட்டும் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் பக்கம் அத்தனை நாற்காலியும் காலி. பெண்ணையும் காணோம்.

பரஞ்சோதி சிடியை வெளியே எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். அடுத்த வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தார். அங்கே சமையல்காரர் மட்டும் வந்தார். முக்கு டீக்கடை பிளேயரில் நாதஸ்வர கோஷ்டி முழுசாக வந்து உட்கார்ந்தது. அவர்கள் டீ கிடைக்கிற இடத்துக்கெல்லாம் வருவார்கள்.

"நீங்க பாட்டுக்கு சிடிய மட்டும் கொண்டாந்தா எப்படிண்ணே?" என்றாள் பஞ்சவர்ணம். "உள்ள இருக்கவுகள எங்க வீட்டுக்கு முறையா அழைச்சீகளா? கூப்பிடாத வீட்டுக்கு எவன் வருவான்?"

நியாயமான பேச்சு. பரஞ்சோதிக்குத் தலை குனிந்துவிட்டது.

ராஜபாளையம் திரும்பியதும் அவரும் மனைவி தனக்கோடியும் டிவிக்கு முன்னால் வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம் எல்லாம் தாம்பாளத்தில் எடுத்து வைத்தார்கள். சிடியை ஓடவிட்டு, ஒரு முகம் வந்தால் ரிமோட்டில் நிறுத்தினார்கள். "பரமக்குடியில மேகலைக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்துரணும்." அந்த முகம் தலையாட்டும். டிவிக் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போவார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை குறைந்துகொண்டே வந்தது. சில பேர் பெரிய வெற்றிலைக் கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சம்மதித்தாயிற்று, ஒருத்தரைத் தவிர.

அவர் மேகலையின் தாய்மாமன், தனக்கோடியின் அண்ணன் சிவனாண்டி. மூன்றாவது வரிசையில் சுவரைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்வரிசைக்காரர்கள் வாங்கிய வெற்றிலையைத் திருப்பித் தாம்பாளத்தில் வைத்தார்கள். "தாய்மாமனே வரலேன்னா நாங்க எந்த மூஞ்சியோட வர்றது?" பட்டுச்சேலையில் குனிந்திருந்த மேகலையும் நிமிர்ந்து பார்த்து, "மாமா வராம நான் எப்படிம்மா மணையில உக்கார?" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி வீடு. வெளியே இருக்கிற சிவனாண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். கல்யாணத்தன்று அவருக்கு இருந்த கோபமெல்லாம் அடுத்த தீபாவளியில், பரஞ்சோதி பட்டு வேட்டியோடு வீட்டுக்கே போய் அழைத்ததும் ஆறிவிட்டது. வந்து உட்கார்ந்து, டிவியில் தன்னைப் பார்த்தார்.

"இவன் முரண்டு பிடிச்சவனாச்சே" என்றார் கவலையாக. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எலே, நானே சொல்றேன். பழச மறந்துட்டு எந்திரி" என்றார்.

மூன்றாவது வரிசைச் சிவனாண்டி முகத்தைத் திருப்பாமலே பேசினார். "நீ பேசாத. ஒத்த வேட்டிக்கு மசிஞ்ச பய. பொண்ணோட அப்பன் எங்கலே? வாசல்ல நின்னு ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னானா? காலையிலருந்து மண்டபம் பூராத் தேடுறேன், ஆளையே காணோம்."

சிடியை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். பரஞ்சோதி அதில் எங்குமே இல்லை. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு தனக்கோடி ஒற்றை ஆளாக நிற்கிறாள். தாரை வார்க்கும்போதும் அவள் மட்டும்தான். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்கிறது. மகள் கல்யாணத்தில் அவர் இருந்ததற்கு அந்த இருமல்தான் அத்தாட்சி.

தனக்கோடி எழுந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மயில்கண் கரை வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "கட்டிக்கிட்டு உள்ள போயி முறையாக் கூப்பிட்டுட்டு வந்துருங்க."

"நான் முன்னாடி போயிட்டா கேமராவ யாரு பிடிக்கிறது தனம்? கீழ வச்சா கல்யாணம் அங்கனயே நின்னு போகுமே."

"நான் பிடிக்கிறேன் மாப்ள" என்றார் சிவனாண்டி. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்கார அங்க ஒருத்தன் இருக்கான்ல. எனக்கு வேற என்ன சோலி?"

தனக்கோடி பிளேயரின் டிரேயைத் திறந்தாள். நிலை தாழ்வான வீட்டுக்குள் நுழைகிற மாதிரி பரஞ்சோதியும் சிவனாண்டியும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அவள் சிடியை எடுத்து மஞ்சள் பையில் போட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினாள். வழி நெடுக அதைச் சாய்க்காமல் மடியில் தட்டையாகவே வைத்திருந்தாள். உள்ளே பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது.

பரமக்குடியில் பஞ்சவர்ணம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து டிவி முன் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சிடியைப் போட்டார். மேகலை தூணோரம் நின்றாள்.

மண்டபம் தெரிந்தது. பெண் வீட்டு நாற்காலிகள் முன்போலவே காலி. மேகலை கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. வாங்க மதினி, புள்ளைகள எல்லாம் கூட்டிட்டு வந்தீகளா?" என்று குரல் கேட்டது. கண்ணைத் திறந்தாள். வாசலில் பரஞ்சோதி சட்டையெல்லாம் வியர்வையாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஆட்கள் திமுதிமுவென்று வர ஆரம்பித்தார்கள். கடைசியாகச் சிவனாண்டி வந்து வாசலில் நின்றார், முகம் வேறு பக்கம். பரஞ்சோதி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நீங்க வந்தாத்தான் கல்யாணம். வாங்க."

சிவனாண்டி முகத்தைத் திருப்பினார். "அப்படிச் சொல்லு மாப்ள. அந்த ஒத்த வார்த்தைக்குத்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பின்வரிசைக்காரர்கள் அவர் பின்னாலேயே போனார்கள்.

படம் இடையிடையே மணவறையை விட்டுவிட்டுப் பந்திப் பக்கம் போய் வந்தது. கேமரா பிடிப்பவருக்குப் பசி போலிருக்கிறது. ஆனால் தாரை வார்க்கும்போது சரியாக வந்துவிட்டது. காலியாகக் கிடந்த இடத்தில் பரஞ்சோதி நின்றார். மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். கெட்டிமேளம் கொட்டியது. தூணோரம் மேகலையும் அழுதுகொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் அவள் இதைப் பார்த்ததே இல்லை.

அடுப்படியில் ஏதோ சீறியது. பஞ்சவர்ணம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏ புள்ள! பால் பொங்கி ஊத்துது, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? போடி, போய் அடுப்பப் பாரு!"

மேகலை ஓடினாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பாலை இறக்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். யாரும் அவளைப் போய் உட்காரச் சொல்லவில்லை.

அவள் காப்பியோடு வரும்போது பிளேயரின் டிரே திறந்தது. பரஞ்சோதி ஏப்பம் விட்டுக்கொண்டே வெளியே வந்தார். கல்யாணத்தன்று கேமராவோடு நின்றதில் அவர் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அவர் பின்னால் சிவனாண்டி வந்தார். மூன்றாவது வரிசைக்காரர், கல்யாணத்தன்று கட்டியிருந்த அதே வேட்டியோடு, நரை கொஞ்சம் கம்மியாக. வெளியிலிருந்து உள்ளே போன சிவனாண்டி வர முடியாது. அவர் கையில்தான் கேமரா இருக்கிறது.

சிவனாண்டி உட்காராமல் சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்த வீட்டுக்கு என்னைய யாரு கூப்பிட்டது?"

"நான்தான் மாமா. வாங்க, எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் மேகலை. வெள்ளி டம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

டிவியில் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். படம் லேசாக ஆடியது. பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

"அண்ணனுக்கும் ஒரு காப்பி குடு மேகலை, காலையிலருந்து நிக்கிது" என்றாள் தனக்கோடி.

மேகலை இன்னொரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து, சிந்தாமல் டிரேயில் வைத்து, உள்ளே தள்ளினாள்.